எரிந்தால்தான் மருந்தா?

"எரியுதா? எரியட்டும். எரிஞ்சாத்தான் மருந்து வேலை செய்யுதுன்னு அர்த்தம்."

முழங்காலைச் சிராய்த்துக்கொண்டு வளர்ந்த எல்லோருக்கும் இந்த வசனம் மனப்பாடம். சொன்னவர் அம்மாவாக இருக்கலாம், பாட்டியாக இருக்கலாம், பள்ளிக்கூடத்தில் முதலுதவிப் பெட்டிக்குப் பொறுப்பான பி.டி. வாத்தியாராகவும் இருக்கலாம். டிஞ்சர் பாட்டிலைத் திறப்பார்கள். நாம் பல்லைக் கடிப்போம். அவர்கள் வாயால் ஊதிவிடுவார்கள். நாலு நாளில் காயம் ஆறிவிடும். ஆகவே டிஞ்சர் வேலை செய்தது, ஆகவே எரிச்சல் நல்லது. வழக்கு முடிந்தது!

நிஜமாகவே முடிந்துவிட்டதா? எரிச்சலுக்கும் புண் ஆறுவதற்கும் உண்மையில் ஏதாவது சம்பந்தம் இருக்கிறதா? இந்த ஒரு கேள்வியைப் பிடித்துக்கொண்டு படிக்க ஆரம்பித்தேன். அது என்னை 16ஆம் நூற்றாண்டின் போர்க்களத்துக்கும், ஒரு ஊரின் சாக்கடைக்கும், அமெரிக்க ஜனாதிபதி மாளிகைக்கும் கூட்டிக்கொண்டு போனது. "பி.காம். படிக்கிற உனக்குப் புண்ணோடும் சீழோடும் என்ன வேலை?" என்று நண்பர்கள் கேட்டார்கள். படிக்கப் படிக்கத்தான் தெரிந்தது, இந்தக் கதையில் பாதி மருத்துவம், மீதிப் பாதி சுத்தமான வியாபாரம். அதனால் எனக்கும் இதில் கொஞ்சம் பங்கு உண்டு :-)

ஒரு கொப்புளம், ஒரு வாரம்

1924ஆம் ஆண்டு ஜூன் 30. வாஷிங்டனில் வெள்ளை மாளிகையின் டென்னிஸ் மைதானம். அப்போதைய ஜனாதிபதி கால்வின் கூலிட்ஜின் இளைய மகன் தன் அண்ணனோடு டென்னிஸ் ஆடுகிறான். அப்பாவின் பெயர்தான் அவனுக்கும். வயது 16. சாக்ஸ் போடாமல் வெறும் காலில் ஷூவை மாட்டிக்கொண்டு ஆடியதில் கால்விரலில் ஒரு கொப்புளம் வந்தது.

நாமாக இருந்தால் யாரிடமும் சொல்லக்கூட மாட்டோம். ஆனால் அந்தக் கொப்புளத்தின் வழியாகப் புகுந்த கிருமி ரத்தத்தில் கலந்துவிட்டது. காய்ச்சல் ஏறியது. நாட்டிலேயே பெயர் பெற்ற டாக்டர்கள் வந்து பார்த்தார்கள். வால்டர் ரீட் ராணுவ மருத்துவமனையில் ஜூலை 7ஆம் தேதி பையன் இறந்துபோனான். கொப்புளம் வந்து சரியாக ஒரு வாரம்.

பணத்துக்கும் அதிகாரத்துக்கும் அங்கே குறைவில்லை. இல்லாதது ஒன்றே ஒன்றுதான்: ரத்தத்தில் புகுந்துவிட்ட கிருமியைக் கொல்லும் மருந்து. பென்சிலினை அலெக்சாண்டர் ஃப்ளெமிங் கவனித்ததே 1928இல். அது மனிதர்களுக்கு மருந்தாக வந்தது 1940களில்.

ஒரு காயத்தைப் பார்த்து "சின்னதுதான், விடு" என்று சொல்லும் தைரியம் மனித வரலாற்றில் நேற்று வந்தது. அதற்கு முன்னால் எந்தக் காயம் சின்னது, எது ஆளைக் கொண்டுபோவது என்று முன்கூட்டியே யாராலும் சொல்ல முடியாது. ரோஜா முள்ளும் கொல்லும், துருப்பிடித்த ஆணியும் கொல்லும். இந்தப் பயத்தை மனதில் வைத்துக்கொண்டால்தான் நம் முன்னோர்கள் காயத்தின் மேல் என்னென்னவெல்லாம் ஊற்றினார்கள், ஏன் ஊற்றினார்கள் என்பது புரியும்.

தேனும் கொதிக்கும் எண்ணெயும்

ஆரம்பத்தில் எல்லாமே எரிகிற மருந்தாக இருக்கவில்லை. ஏறக்குறைய கி.மு. 1550ஐச் சேர்ந்த எகிப்தின் ஈபர்ஸ் பாப்பிரஸில் காயத்துக்குத் தேன் சொல்லப்பட்டிருக்கிறது. சுசுருத சம்ஹிதை புண்ணுக்கு 60 வகைச் சிகிச்சை முறைகளை வரிசைப்படுத்துகிறது. அதிலும் தேனும் நெய்யும் வருகின்றன. நம் புறநானூற்றின் 281ஆம் பாட்டில் போரில் புண்பட்ட வீரனை வீட்டில் வைத்துப் பெண்கள் பார்த்துக்கொள்கிறார்கள். வீட்டில் வேப்பிலை செருகுகிறார்கள், வெண்சிறுகடுகைத் தூவுகிறார்கள், நறும்புகை போடுகிறார்கள். புண்பட்டவனைத் தேடிப் பேய் வரும் என்ற நம்பிக்கைக் காலம் அது. எதிரியின் பெயர் வேறாக இருக்கலாம், ஆனால் "காயத்தைக் கெடுக்கிறது ஏதோ ஒன்று வெளியிலிருந்து வருகிறது, அதை உள்ளே விடக்கூடாது" என்ற எண்ணம் அப்போதே இருந்திருக்கிறது!

ஐரோப்பாவில் துப்பாக்கி வந்த பிறகு நிலைமை மாறியது. வெடிமருந்து விஷம், அதனால் குண்டுக்காயமும் விஷக்காயம் என்று மருத்துவர்கள் நம்பினார்கள். விஷத்தை என்ன செய்வது? எரித்துவிட வேண்டியதுதான். குண்டு பாய்ந்த ஓட்டையில் கொதிக்கக் கொதிக்க எண்ணெயை ஊற்றினார்கள். (படிக்கும்போதே எனக்குக் கை கூசியது.)

1537இல் இத்தாலியின் துரின் பக்கம் நடந்த போரில் அம்ப்ராய்ஸ் பாரே என்ற பிரெஞ்சுக்காரர் ராணுவத்தோடு போயிருந்தார். முடிதிருத்தும் தொழிலோடு அறுவை சிகிச்சையும் கற்றவர், வயது இருபதுகளில். காயம்பட்டவர்கள் அதிகமாகி எண்ணெய் தீர்ந்துவிட்டது. வேறு வழியில்லாமல் முட்டை மஞ்சள் கரு, ரோஜா எண்ணெய், டர்பன்டைன் மூன்றையும் கலந்து மீதிப் பேருக்குத் தடவினார். "எண்ணெய் ஊற்றாத ஆட்கள் விஷமேறிச் செத்துக் கிடப்பார்களே" என்ற பயத்தில் அன்று ராத்திரி அவருக்குத் தூக்கமே வரவில்லை. விடியற்காலையில் எழுந்து ஓடிப் பார்த்தால், கலவை தடவியவர்கள் அதிக வலியில்லாமல் தூங்கியிருந்தார்கள். கொதிக்கும் எண்ணெய் ஊற்றப்பட்டவர்களுக்கோ காய்ச்சல், வீக்கம், தாங்க முடியாத வலி.

அதன் பிறகு கொதிக்கும் எண்ணெயை அவர் தொடவில்லை. 1545இல் இதைப் புத்தகமாகவும் எழுதினார். எரிப்பதுதான் வைத்தியம் என்ற நம்பிக்கைக்கு விழுந்த முதல் பெரிய அடி இது. சரக்கு தீர்ந்துபோனதால் கிடைத்த கண்டுபிடிப்பு என்பதால் எனக்கு இந்தக் கதை ரொம்பப் பிடிக்கும்.

சாக்கடை தந்த யோசனை

அடுத்த முந்நூறு ஆண்டுகளில் எண்ணெய் போனாலும் சாவு போகவில்லை. 1860களில் கிளாஸ்கோ நகர ராயல் மருத்துவமனையில் அறுவை சிகிச்சை நிபுணராக இருந்தவர் ஜோசப் லிஸ்டர். எலும்பு உடைந்து தோலைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்துவிட்டால் அந்தக் காலத்தில் பெரும்பாலும் காலை வெட்டிவிடுவார்கள். வெட்டாவிட்டால் புரையோடிச் சாவு, வெட்டினாலும் பல சமயம் சாவு.

நொதிப்பதும் அழுகுவதும் நுண்ணுயிர்களால்தான் என்று லூயி பாஸ்டர் எழுதியதை லிஸ்டர் படித்தார். அப்படியானால் புண் அழுகுவதும் அதனால்தானே? கார்லைல் என்ற ஊரில் சாக்கடை நாற்றத்தைப் போக்கக் கார்பாலிக் அமிலம் ஊற்றுகிறார்கள் என்ற செய்தியும் அவர் காதுக்கு வந்தது. 1865 ஆகஸ்ட் 12ஆம் தேதி வண்டிச் சக்கரம் ஏறிக் கால் உடைந்த 11 வயதுச் சிறுவன் ஜேம்ஸ் கிரீன்லீஸ் வந்து சேர்ந்தான். லிஸ்டர் அவன் காயத்தின் மேல் கார்பாலிக் அமிலத்தில் நனைத்த துணியை வைத்துக் கட்டினார். ஆறு வாரத்தில் பையன் இரண்டு காலோடு வீட்டுக்குப் போனான். 1867இல் லான்செட் இதழில் லிஸ்டர் தன் முறையை வெளியிட்டார். 'செப்டிக்' என்றால் கிரேக்க வழியில் அழுகல். நம் வீடுகளில் "பாத்துக்கோ, செப்டிக் ஆயிடும்" என்று இன்றைக்கும் சொல்கிறோமே, அந்தப் பயத்துக்கு எதிராக உலகம் எடுத்த முதல் பெரிய ஆயுதம் இதுதான்.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். கார்பாலிக் அமிலம் கிருமியை மட்டும் அரிக்கவில்லை, தோலையும் அரித்தது. இதை லிஸ்டரே கவனித்து, எண்ணெயிலும் தண்ணீரிலும் கலந்து அதன் வீரியத்தைக் குறைத்துக்கொண்டே வந்தார். அறுவை அறை முழுக்கக் கார்பாலிக் புகையைப் பீய்ச்சும் கருவி ஒன்றும் வைத்திருந்தார். 1890இல் பெர்லின் மாநாட்டில் அந்தக் கருவியைக் கைவிட்டதாக அவரே அறிவித்தார். அதைப் பரிந்துரைத்ததற்காக வெட்கப்படுவதாகவும் சொன்னார். உலகப்புகழ் பெற்ற ஒருவர் பொதுமேடையில் இப்படிச் சொல்ல எவ்வளவு பெரிய மனது வேண்டும்!

டாக்டர்கள் வீரியத்தைக் குறைத்துக்கொண்டிருந்த நேரத்தில் கார்பாலிக் வாசனை வீடுகளுக்குள் வந்துவிட்டது. 1894இல் இங்கிலாந்தில் வந்த லைஃப்பாய் ஒரு கார்பாலிக் சோப். ரொம்ப காலம் அந்த மருந்து வாடைதான் அதன் அடையாளம். 1930களில் வந்த டெட்டாலில் இருப்பதும் கார்பாலிக் அமிலத்தின் தூரத்துச் சொந்தக்கார ரசாயனம்தான். வாசனை வந்தால் சுத்தம் என்று மூக்கு நம்ப ஆரம்பித்தது.

ஃப்ளெமிங்கின் கண்ணாடிக் காயம்

முதல் உலகப்போர் 1914இல் தொடங்கியது. பிரான்ஸின் பொலோன் நகரில் ஒரு சூதாட்ட விடுதியை ராணுவ மருத்துவமனையாக மாற்றியிருந்தார்கள். அங்கே ஆம்ரோத் ரைட் என்பவரின் கீழ் வேலை பார்த்தார் இளம் டாக்டர் ஃப்ளெமிங். (ஆமாம், அதே பென்சிலின் ஃப்ளெமிங்தான்.) வீரர்களின் காயத்தில் கிருமிநாசினிகளைத் தாராளமாக ஊற்றியும் சீழ் பிடித்துக்கொண்டே இருந்தது. ஏன்?

ஃப்ளெமிங் ஒரு வேலை செய்தார. ஒரு கண்ணாடிக் குழாயைச் சூடாக்கி, அதன் பக்கங்களில் முள் முள்ளாக இழுத்துவிட்டார். சிதைந்த காயத்தின் சந்து பொந்துகளுக்கு அது ஒரு மாதிரி. அதில் கிருமி கலந்த திரவத்தை ஊற்றி வைத்து, அதைக் கொட்டிவிட்டுக் கிருமிநாசினியை நிரப்பினார். பிறகு அதையும் கொட்டிவிட்டுப் புதுத் திரவம் ஊற்றினால், சந்துகளில் ஒளிந்திருந்த கிருமிகள் மறுபடி பெருகின! அதோடு, கிருமியைத் தின்ன வரும் நம் உடலின் வெள்ளணுக்களைக் கிருமிநாசினி முந்திக்கொண்டு கொன்றுவிடுகிறது என்பதையும் காட்டினார். திருடனைப் பிடிக்க வந்த போலீஸை நாமே கல்லெறிந்து விரட்டுவது மாதிரி. ரைட்டின் யோசனை எளிமையானது: கடுமையான ரசாயனம் வேண்டாம், உப்புத் தண்ணீரால் கழுவுங்கள்.

பெரும்பாலோர் அப்போது கேட்கவில்லை. போர்க்களத்தில் ஒருவன் கதறும்போது "உப்புத் தண்ணீர் போதும்" என்று சொன்னால் யார்தான் நம்புவார்கள்?

ஏன் எரிகிறது தெரியுமா?

இப்போது நம் டிஞ்சருக்கு வருவோம். அயோடினை 1811இல் பாரிஸில் கண்டுபிடித்தவர் பெர்னார் குர்துவா. வெடியுப்புத் தயாரிப்புக்காகக் கடற்பாசிச் சாம்பலோடு வேலை செய்துகொண்டிருந்தபோது ஊதா நிற ஆவி எழுந்தது. அந்த அயோடினை ஆல்கஹாலில் கரைத்தால் டிஞ்சர். கிருமியைக் கொல்வதில் அயோடின் கெட்டிக்காரன், அதில் சந்தேகமே இல்லை.

ஆனால் அந்த எரிச்சலில் பெரும்பங்கு ஆல்கஹாலுடையது. நம் தோலின் நரம்பு நுனியில் சூட்டை உணரும் ஒரு வாசல் இருக்கிறது. சாதாரணமாக அது 42 டிகிரி செல்சியஸ் வாக்கில் திறந்து "சுடுது!" என்று மூளைக்குத் தகவல் அனுப்பும். மிளகாய்க் காரமும் இதே வாசலைத்தான் தட்டுகிறது. 1997இல் இதைக் கண்டுபிடித்த டேவிட் ஜூலியஸுக்கு 2021இல் நோபல் பரிசு கிடைத்தது. 2002இல் வெளியான ஓர் ஆய்வு, ஆல்கஹால் பட்டால் அந்த வாசல் திறக்கும் அளவு சுமார் 34 டிகிரிக்கு இறங்கிவிடுகிறது என்று காட்டியது. நம் உடம்புச் சூடு 37. அப்புறம் என்ன? நம் உடம்பின் சொந்தச் சூடே நமக்கு நெருப்பாகத் தெரிகிறது!

அதாவது அந்த எரிச்சல் கிருமி சாகும் சத்தம் அல்ல. கிருமி ஒன்றுகூட இல்லாத புண்ணில் ஊற்றினாலும் அதே எரிச்சல்தான் எரியும். நரம்பு ஏமாறுகிறது, அவ்வளவுதான்.

ஹைட்ரஜன் பெராக்சைடின் நுரையும் இதே கதை. புண்ணில் ஊற்றியதும் பொங்குகிறதே, "பார், கிருமியெல்லாம் வெளியே வருது" என்பார்கள். நம் ரத்தத்திலும் திசுவிலும் இருக்கும் ஒரு நொதி அதைத் தண்ணீராகவும் ஆக்சிஜனாகவும் உடைக்கிறது, அதனால்தான் நுரை. சுத்தமான ரத்தத்தில் ஊற்றினாலும் பொங்கும். அதோடு, புண்ணை மூடப் புதிதாக வளரும் செல்களையும் அது கெடுக்கிறது.

பிறகு நிறம். மெர்குரோகுரோம் என்ற சிவப்பு மருந்தை 1919இல் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸில் ஹியூ யங் அறிமுகப்படுத்தினார். டிஞ்சர் அளவுக்கு எரியாது, ஆனால் பளிச்சென்று சிவப்பாகத் தெரியும். மருந்து போட்டிருக்கிறது என்று தெருவுக்கே தெரியும். அதில் இருப்பது பாதரசச் சேர்மம். பாதுகாப்பானது, பலனுள்ளது என்று பொதுவாக ஏற்கப்பட்ட மருந்துகளின் வரிசையில் அதற்கு இடமில்லை என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 1998இல் சொல்லிவிட்டது.

கொஞ்சம் காமர்ஸ்

எரிச்சல், நுரை, நிறம், வாடை. இந்த நான்கையும் சேர்த்துப் பார்த்தபோது எனக்கு வகுப்பில் படித்த ஒரு விஷயம் ஞாபகம் வந்தது.

சில பொருள்களின் தரத்தை வாங்கும் முன்பே பார்த்துவிடலாம், கத்தரிக்காய் மாதிரி. சிலவற்றைப் பயன்படுத்திய பிறகுதான் தெரியும், ஓட்டல் சாப்பாடு மாதிரி. மூன்றாவது வகை ஒன்று இருக்கிறது. பயன்படுத்திய பிறகும் தரம் தெரியாது, நம்பத்தான் வேண்டும். இவற்றை 'நம்பிக்கைப் பண்டம்' என்று சொல்லலாம். மைக்கேல் டார்பி, எடி கார்னி என்ற இருவர் 1973இல் இதை விளக்கினார்கள். மெக்கானிக் மாற்றிய பார்ட் உண்மையிலேயே மாற்ற வேண்டியதுதானா என்று நமக்கு எப்படித் தெரியும்?

காய மருந்து இந்த மூன்றாம் வகை. கிருமி கண்ணுக்குத் தெரியாது, அது செத்ததா இல்லையா என்பதும் தெரியாது. சின்னக் காயங்களில் பெரும்பாலானவை மருந்தே போடாவிட்டாலும் ஆறிவிடும். அதனால் எந்த மருந்து போட்டாலும் பெயர் மருந்துக்குத்தான். இப்படிப்பட்ட இடத்தில் வாங்குகிறவன் எதை வைத்து முடிவெடுப்பான்? உணரக்கூடிய ஏதாவது ஓர் அடையாளத்தைத் தேடுவான். எரிந்தால் வீரியம், நுரைத்தால் சுத்தம், வாடை அடித்தால் ஆஸ்பத்திரி மாதிரி! டெட்டாலைத் தண்ணீரில் விட்டதும் பாலாக வெளுப்பதுகூட அப்படித்தான். அதிலுள்ள எண்ணெய்ப் பொருள்கள் நுண்துளிகளாகச் சிதறுவதால் வரும் வெளுப்பு அது. கிருமியோடு அதற்குச் சம்பந்தமில்லை.

இதில் யாரும் ஏமாற்றினார்கள் என்று நான் சொல்லவில்லை. இந்த மருந்துகள் கிருமியைக் கொல்பவைதான். ஆனால் நாம் நம்பியது மருந்தை அல்ல, அதன் விளம்பரத்தை. அந்த விளம்பரம் நம் தோலின் மேலேயே ஓடியது.

எரியாத இரண்டு சரக்குகள்

இதே காலத்தில் எந்த எரிச்சலும் நுரையும் இல்லாத இரண்டு பொருள்கள் சத்தமில்லாமல் சந்தைக்கு வந்தன.

ஒன்று வாஸ்லின். 1859இல் ராபர்ட் செஸ்பரோ என்ற அமெரிக்க ரசாயனக்காரர் பென்சில்வேனியாவின் எண்ணெய்க் கிணறுகளைப் பார்க்கப் போனார். துளைபோடும் தண்டுகளில் ஒட்டும் மெழுகுப் பிசினைத் தொழிலாளர்கள் தங்கள் வெட்டுக்காயத்திலும் சுட்ட புண்ணிலும் தடவிக்கொள்வதைப் பார்த்தார். அதைச் சுத்திகரித்து 1872இல் காப்புரிமை வாங்கினார். விற்க வேண்டுமே! எரியாத மருந்தை யார் நம்புவார்கள்? மனுஷன் கூட்டத்தின் நடுவில் தன் தோலையே அமிலத்தாலும் தீயாலும் சுட்டுக்கொண்டு, அதன் மேல் வாஸ்லினைத் தடவி, ஏற்கனவே ஆறிய பழைய புண்களையும் காட்டி விற்றார். மருந்தில் இல்லாத எரிச்சலை விளம்பரத்தில் காட்டிவிட்டார் :-)

இன்னொன்று நம் பிளாஸ்திரி. லிஸ்டர் 1876இல் அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியாவில் பேசியதைக் கேட்டவர்களில் ராபர்ட் உட் ஜான்சனும் ஒருவர். அவர் சகோதரர்களோடு சேர்ந்து 1886இல் நியூ ஜெர்சியில் தொடங்கிய கம்பெனிதான் ஜான்சன் அண்டு ஜான்சன். அங்கே பஞ்சு கொள்முதல் பிரிவில் வேலை பார்த்தவர் ஏர்ல் டிக்சன். அவர் மனைவி ஜோசஃபீனுக்குச் சமையலில் அடிக்கடி கையை வெட்டிக்கொள்ளும், சுட்டுக்கொள்ளும் வழக்கம். ஒரு கையால் இன்னொரு கைக்குக் கட்டுப்போட முடியாது இல்லையா? 1920இல் டிக்சன் நீளமான ஒட்டுநாடாவின் நடுவில் வலைத்துணியை மடித்து ஒட்டி, பசை காயாமல் இருக்க மேலே ஒரு துணியை மூடிச் சுருட்டி வைத்தார். வேண்டும்போது மனைவியே வெட்டி ஒட்டிக்கொள்ளலாம். பேண்ட்-எய்ட் பிறந்தது.

முதலில் கையால் செய்து, 18 அங்குல நீளத்தில் விற்றார்கள். முதல் ஆண்டு விற்பனை 3,000 டாலர்தான். யாருக்கும் இதன் அருமை புரியவில்லை. பிறகு சாரணர் சிறுவர்களுக்கு இலவசமாகக் கொடுத்தார்கள். 1924இல் மெஷினில் செய்ய ஆரம்பித்தார்கள். கூலிட்ஜின் மகன் இறந்த அதே ஆண்டு! டிக்சன் பின்னாளில் அந்தக் கம்பெனியின் துணைத் தலைவர் வரை உயர்ந்தார். ஒரு வீட்டுச் சமையலறையின் தேவையிலிருந்து இவ்வளவு பெரிய சரக்கு வந்தது என்பது மார்க்கெட்டிங் வகுப்பில் சொல்ல வேண்டிய கதை.

பன்றித் தோலும் பாலித்தீனும்

"புண்ணை மூடாதே, காத்தாட விடு, காஞ்சு பொருக்கு கட்டட்டும்." இதுவும் நம் வீடுகளில் கேட்டதுதான். 1962இல் ஜார்ஜ் வின்டர் என்ற ஆய்வாளர் நேச்சர் இதழில் ஒரு கட்டுரை எழுதினார். இளம் பன்றிகளின் தோலில் ஒரே மாதிரி மேலோட்டமான காயங்களை உண்டாக்கி, சிலவற்றைக் காற்றில் காயவிட்டார், சிலவற்றைப் பாலித்தீன் தாளால் மூடினார். மூடி ஈரமாக இருந்த காயங்களில் புதுத்தோல் ஏறக்குறைய இரண்டு மடங்கு வேகத்தில் வளர்ந்தது. அடுத்த ஆண்டே மனிதர்களிடமும் இதே மாதிரி முடிவு கிடைத்தது.

காரணம் எளிது. புதுத்தோல் செல்கள் காயத்தின் ஓரத்திலிருந்து ஊர்ந்து வருகின்றன. ஈரமான பரப்பில் நேராக ஊர்ந்துவிடும். காய்ந்த பொருக்கு இருந்தால் அதற்கு அடியில் ஈரம் தேடிப் பள்ளம் தோண்டிக்கொண்டு வர வேண்டும். எண்ணெய்க் கிணற்றுத் தொழிலாளியும் ஜோசஃபீனும் காரணம் தெரியாமலே சரியானதைச் செய்திருக்கிறார்கள்! ஈரத்தைக் காப்பது வாஸ்லினின் வேலை, மூடிவைப்பது பிளாஸ்திரியின் வேலை. 1996இல் அமெரிக்க மருத்துவச் சங்க இதழில் வந்த ஆய்வில், தோலில் சிறு அறுவை செய்த காயங்களுக்கு ஆன்டிபயாடிக் களிம்புக்குப் பதில் வெறும் வாஸ்லின் வகைக் களிம்பு தடவியபோதும் தொற்றில் குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை. காயம் கழுவுவது பற்றிய ஆய்வுகளும் இதையே சொல்கின்றன: குடிக்கத் தகுந்த குழாய்த் தண்ணீரால் கழுவினாலும் தொற்று கூடவில்லை.

அப்படியென்றால் வீட்டில் என்ன செய்வது?

நானூறு ஐந்நூறு ஆண்டு வரலாற்றைச் சுருக்கினால் இவ்வளவுதான்:

முதலில் கையைக் கழுவுங்கள். சுத்தமான துணியால் அழுத்திப் பிடித்து ரத்தத்தை நிறுத்துங்கள். ஓடும் தண்ணீரில் மண், தூசி போகச் சில நிமிடம் நன்றாகக் கழுவுங்கள். உங்கள் ஊர்க் குழாய்த் தண்ணீர் குடிக்கிற தரத்தில் இல்லையென்றால் காய்ச்சி ஆறவைத்த தண்ணீர். சோப்பைச் சுற்றியுள்ள தோலுக்குப் போடுங்கள். மெல்லிசாக வாஸ்லின், மேலே பிளாஸ்திரி. தினமும், நனைந்தாலோ அழுக்கானாலோ உடனேயும் மாற்றுங்கள். காப்பித்தூள், சாம்பல், சாணி எதுவும் வேண்டாம். மஞ்சளுக்குக் கிருமியைத் தடுக்கும் குணம் ஆய்வகத்தில் தெரிந்திருக்கிறது, ஆனால் அஞ்சறைப்பெட்டித் தூள் கிருமி நீக்கியது இல்லையே.

கழுவினாலும் தீராத எதிரி ஒன்று உண்டு: ரண ஜன்னி என்கிற டெட்டனஸ். மண்ணில் இருக்கும் அந்தக் கிருமியை 1889இல் பெர்லினில் தனியாகப் பிரித்து வளர்த்தவர் ஜப்பானியரான கிடசாட்டோ. காற்றுப் புகாத ஆழமான குத்துக்காயம் அதற்குச் சொர்க்கம். துருவில் விஷம் எதுவும் இல்லை, ஆணியோடு போகும் மண்தான் பிரச்னை. இதற்கு ஒரே வழி தடுப்பூசி. (முன்பு போட்டது டெட்டனஸுக்கு மட்டுமான ஊசி. இப்போது டிப்தீரியாவுக்கும் சேர்த்துப் போடுகிறார்கள். இரண்டையும் தமிழில் 'டி.டி. ஊசி' என்றுதான் எழுத வேண்டும், வசதிதான்!) அதேபோல் நாய், பூனை கடித்தால் அது சின்னக் காயமே அல்ல. 15 நிமிடம் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு நேராக ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். வாய் பிளந்த காயம், நிற்காத ரத்தம், காயத்திலிருந்து மேலேறும் சிவப்புக் கோடு, காய்ச்சல், சர்க்கரை நோயாளியின் கால் புண், இவையும் வீட்டு வைத்தியத்துக்கு உட்பட்டவை அல்ல.

கடைசியாக ஒரு போலீஸ்காரர்

1941 பிப்ரவரி 12. ஆக்ஸ்ஃபோர்டில் ஆல்பர்ட் அலெக்சாண்டர் என்ற 43 வயதுப் போலீஸ்காரர் படுத்த படுக்கையாகக் கிடந்தார். முகத்தில் ஏற்பட்ட காயம் சீழ் பிடித்து, ஒரு கண்ணையே எடுத்துவிட்டார்கள். ரோஜா முள் கீறியது என்று ரொம்ப காலம் சொல்லப்பட்டது. விமானக் குண்டுவீச்சில் பட்ட காயம் என்று அவர் குடும்பத்தார் பின்னாளில் சொன்னார்கள். அவருக்குப் பென்சிலின் ஊசி போட்டார்கள். ஒரே நாளில் காய்ச்சல் இறங்க ஆரம்பித்தது, சாப்பிடத் தொடங்கினார். ஆனால் உலகத்திலிருந்த பென்சிலினே கொஞ்சம்தான். அவர் சிறுநீரிலிருந்து மருந்தைத் திரும்பப் பிரித்தெடுத்துக்கூடப் போட்டார்கள். அதுவும் தீர்ந்துபோனது. மார்ச் 15ஆம் தேதி அவர் இறந்தார்.

மருந்து இல்லாமல் போனது கூலிட்ஜ் மகன். மருந்து தீர்ந்து போனது அலெக்சாண்டர். மூன்றாவதாக ஒன்று இருக்கிறது: மருந்து இருந்தும் கேட்காமல் போவது. 1945இல் நோபல் பரிசு வாங்கும்போதே ஃப்ளெமிங் இதை எச்சரித்தார். அரைகுறையாக மருந்து கொடுத்தால் கிருமி அதற்குப் பழகிவிடும் என்றார். இன்றைக்கு ஒவ்வொரு சிராய்ப்புக்கும் கடையில் ஆன்டிபயாடிக் களிம்பும் நாலு மாத்திரையும் கேட்டு வாங்கும்போது நாம் செய்வது அதைத்தான். எரிச்சல் போய், இப்போது 'ஆன்டிபயாடிக்' என்ற சொல் நமக்கு வீரியத்தின் அடையாளம் ஆகியிருக்கிறது.

'சின்னக் காயம்' என்ற சொல் நமக்குக் கிடைத்து எண்பது ஆண்டுதான் ஆகிறது. அந்தச் சொல் நம் பேரப்பிள்ளைகளுக்கும் இருக்க வேண்டுமானால், தண்ணீரும் பிளாஸ்திரியும் போதும் என்கிற இடத்தில் அவை போதும் என்று நம்பக் கற்றுக்கொள்ள வேண்டும். அவை எரியாது, நுரைக்காது, மணக்காது. வேலையை மட்டும் செய்யும்.